செம்பிக்கு வைத்த உள்ளி

மாம்புரிக் கடற்கரையில் வெள்ளைக்காரரை ஏற்றித் திரியும் இரண்டு குதிரைகளையும் றைஸாதான் பார்த்துவந்தாள். ஒன்பது வயதில், மன்னாரிலிருந்து முஸ்லிம்களை விரட்டியபோது, உடுத்த உடுப்போடு வந்தவள். சண்டை ஓய்ந்து ஹோட்டல்கள் முளைத்தபோது குதிரைகளின் சொந்தக்காரர் நிக்கொலஸின் கொட்டிலுக்குச் சாணி அள்ள வந்து, மூன்று வருடத்தில் குதிரைகளின் முழுப் பொறுப்பும் அவள் தலையில் ஏறியது.

அந்த வருடம் மாரி மழைக்குப் பிறகு உண்ணி பெருகியது. செம்பி என்ற பெண்குதிரையின் காதுக்குள்ளும் வாலடியிலும் கொத்துக் கொத்தாகத் தொங்கியது. மருந்துத் தண்ணீர் ஊற்றினால் அதன் தோல் வெந்து உரிந்தது. தீனியில் உள்ளிப்பூண்டு கலந்தால் உண்ணி அண்டாது என்று சிலாபத்துத் தவிட்டுக்கடைக்காரர் சொல்ல, றைஸா இரண்டு பூடு இடித்துக் கலந்தாள். குறையவில்லை. நாலாக்கினாள். பிறகு பத்து. பார்க்கப் பார்க்க அவளுக்குப் பொறுக்கவில்லை.

இரண்டு மாதத்தில் செம்பி சவாரியின் நடுவே நின்றுவிட்டது. மூத்திரம் தேயிலைச் சாயம்போல் போனது. மிருக வைத்தியர் ஷிம்லா வந்து உதட்டைத் தூக்கிப் பார்த்தார். பல் முரசு வெளிறிக் கிடந்தது.

"உண்ணிதான் டொக்டர், ரத்தத்தக் குடிச்சிட்டுது" என்றார் நிக்கொலஸ்.

"தீனில வேற ஏதும் போட்டீங்களா?"

"தவிடும் புல்லும்தான்."

வைத்தியர் ஊசியில் மருந்தை இழுத்தார். பேசாமல் நின்றால் பழி உண்ணியோடு போய்விடும். றைஸா முன்னுக்கு வந்தாள்.

"டொக்டர், கொஞ்சம் நில்லுங்க. நான் உள்ளி குடுத்தன். ஒரு நாளைக்குப் பத்துப் பூடு."

"யா அல்லாஹ்! மிஞ்சினா அது குதிரைட ரத்தத்த உடைக்கும். உடனே நிப்பாட்டுங்க."

"என்னட்ட ஒரு வார்த்தை கேட்டியா?" நிக்கொலஸ் அவள் பக்கம் திரும்பினார்.

"கேக்கல்ல அண்ணன்."

இனி வரவேண்டாமென்று அவர் அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். வீட்டில் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. உலை வைத்துவிட்டுப் பக்கத்துக் கொட்டிலின் வேலியடிக்கு ஓடுவாள். செம்பி நிற்கிறதா, படுத்துவிட்டதா என்று எட்டிப் பார்ப்பாள். சோறு குழைந்த பிறகுதான் அடுப்பு ஞாபகம் வரும். மூன்றாம் வாரம் நிக்கொலஸ் வேலிக்கு அப்பாலிருந்து கூப்பிட்டார்.

"முரசு சிவந்திட்டுது. ஆனா உண்ணி திரும்ப நிறைஞ்சு போச்சு. வா."

"வாறன். ஆனா இனி ஆடு மாடு இங்க மேயக் கூடாது, உண்ணி அதுகளோடதான் வருது. புல்லையும் ஒட்ட வெட்டோணும்."

"ஓம், ஓம்."

அன்று பின்னேரமே செம்பியின் காதைப் பிடித்து, ஒவ்வொரு உண்ணியாகப் பிடுங்கி உப்புத் தண்ணீரில் போட்டாள். நூறைத் தாண்டியும் கை நிற்கவில்லை.