தள்ள ஒரு ஆள் குறையுது

என் அக்காவுக்குக் கார் சீட் தைக்கும் தொழில். முப்பது வருஷமாக ஊரார் வண்டிக்கெல்லாம் தைத்தவள், ஓர் அறுபது வருஷப் பழைய காரைத் தனக்கென்று வாங்கி, சிவப்பு சீட் போட்டு, தினமும் கடைக்கு ஓட்டிக்கொண்டு போனாள். எங்கள் பழைய கார் சங்கத்தில் யாருக்கும் அது பிடிக்காது. எனக்கும்தான். நாங்கள் வண்டியைத் துடைப்போம், போர்த்தி வைப்போம், கண்காட்சிக்கு லாரியில் ஏற்றிக்கொண்டு போவோம். சுற்றிலும் கயிறு, 'தொடாதீர்கள்' என்று பலகை. அந்தப் பலகையை எழுதியவனே நான்தான். சங்கத்தில் ஐம்பதுக்குக் கீழே ஒரு ஆள் கிடையாது.

போன வருஷம் அக்காவின் முழங்கால் மக்கர் பண்ணியது. கிளட்ச் மிதிக்க முடியவில்லை. அவளுடைய மகளோ, "பட்டன் அமுக்கினா ஓடுற வண்டி இருக்கு, இந்தத் தகர டப்பாவ யாரும்மா கட்டி அழுவாங்க?" என்றாள். சங்கத்தின் கண்காட்சி முடிந்த அடுத்த திங்கட்கிழமை, பழைய கார்களைக் காட்சிக்கு வைக்கும் ஒரு காட்சியகத்துக்காரர்கள் வந்து வண்டியை எடுத்துப்போவதாகப் பேச்சு.

"கண்ணாடிக்குள்ள நிக்கப்போகுதுடா, அவ்வளவுதான்" என்று அழுதுவிட்டாள் அக்கா. விரலில் ஊசி ஏறினால்கூட அழாதவள்.

கண்காட்சியன்று தன் வண்டியைச் சுற்றி நான் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்துச் சுருட்டி என் கையில் திணித்தாள். பலகையைத் திருப்பி, 'ஏறி உக்காருங்க, ஹாரன் அடிங்க' என்று எழுதினாள்.

"உனக்கென்ன பைத்தியமா? கண்ட பசங்க கைபட்டா பெயிண்ட் என்னத்துக்கு ஆகும்?" என்று கத்தினேன்.

"பெயிண்ட் போனா திரும்ப அடிச்சுக்கலாம். நீ போய் உன் வண்டியத் துடை போ!"

பிறகு மகளிடம் சாவியை நீட்டினாள். "மைதானத்த ஒரே ஒரு சுத்து. எனக்காக."

அவள் முணுமுணுத்துக்கொண்டே ஏறினாள். குளிர்ந்த எஞ்சின் கிளம்ப, பெட்ரோலைக் கூட்டிவிடும் சோக் குமிழை இழுக்கச் சொன்னோம், இழுத்தாள். கிளம்பியதும் உள்ளே தள்ள மறந்துவிட்டாள். மைதான நடுவில் வண்டி கறுப்புப் புகை கக்கி நின்றே போனது. நான் தலையில் அடித்துக்கொண்டேன். ஹாரன் அடிக்க வரிசையில் நின்ற இளவட்டங்கள் ஏழெட்டுப் பேர் ஓடிப்போய்த் தள்ளினார்கள். எஞ்சின் உறுமிக் கிளம்பியபோது அவர்கள் போட்ட கூச்சல் இருக்கிறதே, அப்பப்பா! ஒரு சுற்றுக்குப் போனவள், தள்ளியவர்களை மாற்றி மாற்றி ஏற்றிக்கொண்டு ஐந்து சுற்று சுற்றினாள். என் வண்டி பளபளவென்று நின்றது. ஈ காக்காய்கூட அந்தப் பக்கம் வரவில்லை.

திங்கட்கிழமை காட்சியகத்து லாரி வந்தபோது அக்கா வீட்டுக் கார் கொட்டகை காலி. அக்கா பதறிப்போய் மகளுக்குப் போன் போட்டாள்.

"வண்டி என்கிட்டதாம்மா இருக்கு. ஆபீஸ் வாசல்ல நின்னுபோச்சு. அந்த லாரியத் திருப்பி அனுப்பிட்டு மாமாவ இங்க வரச்சொல்லு, தள்ள ஒரு ஆள் குறையுது."

அக்கா சொன்னதும், என் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்த துணியைப் போட்டுவிட்டு ஓடினேன்.