கருகினால் நல்ல பாடம்

அந்தக் குளிர்காலம் முழுக்க எங்கள் தீவில் ரொட்டி கருகியதற்கு இயற்பியல்தான் காரணம்.

ரொட்டிக்கடை கலிரோயியின் மகள் சம்பெத்தாவுக்கு அது பள்ளி இறுதி ஆண்டு. கப்பல் பொறியியல்தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். ஜூன் மாத தேசியத் தேர்வில் இயற்பியல் கைகொடுத்தால்தான் அது நடக்கும். ஆசிரியரோ பக்கத்துத் தீவிலிருந்து கப்பலில் வருபவர். காற்று பலமானால் கப்பல் கிடையாது. எங்கள் ஊரில் காற்று என்றைக்கு ஓய்ந்தது?

இணையத்தில் பாடங்கள் கொட்டிக் கிடந்தன. ஒருவர் கத்தினார். இன்னொருவர் எழுதியதை உடனே அழித்தார். மூன்றாமவர் பாதிப் பாடத்தில் தன் டியூஷனை விற்றார். தேடித் தேடிக் களைத்த பெண், ஒருநாள் மாவு மூட்டைமேல் உட்கார்ந்து விம்மி அழுதாள். கலிரோயி மாவுக் கையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“நீ கணக்கைப் போடுடி. நல்ல பாடமா நான் தேடித் தர்றேன்.”

“உனக்கு இயற்பியல்ல என்னம்மா தெரியும்?”

“ஒண்ணும் தெரியாது. அதான் வசதி. எனக்கே புரிஞ்சா உனக்குப் புரியாதா?”

அன்றிலிருந்து கலிரோயி மாவு பிசைந்தபடியே போனில் பாடம் கேட்டாள். கை தன்பாட்டுக்குப் பிசைந்துகொண்டிருந்தால் அந்த ஆசிரியர் தேறவில்லை. கை நின்று, அடுப்பும் மறந்து, புகை கிளம்பினால் பாடம் உடனே மகளுக்குப் போய்விடும்.

மீனவர் ஸ்தமாத்திஸ் ரொட்டியைத் தட்டிப் பார்த்தார். “என்ன தங்கச்சி, இன்னைக்கு ரொம்ப நல்ல வாத்தியாரோ?”

“மோதல் பாடம்ணே. ரெண்டு தக்காளி டப்பாவை உருட்டி மோதவிட்டே புரியவெச்சுட்டார், மகராசன்!”

“அந்த மகராசனையே இதைத் திங்கச் சொல்லு.” சொன்னாரே தவிர, இரண்டு ரொட்டி வாங்கித்தான் போனார்.

அந்தத் தக்காளி டப்பா ஆசிரியரின் பாடங்களைத்தான் சம்பெத்தா பிடித்துக்கொண்டாள். ஏப்ரலில் அவர் அலைகள் பாடத்தைப் பாதியில் நிறுத்திவிட்டார். வாரங்கள் ஓடின. கலிரோயிக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில், மாவு ஒட்டிய விரலாலேயே பாடத்தின் கீழே எழுதினாள்: “ஐயா, என் மகளை நடுக்கடலில் விட்டுவிட்டீர்களே. நான் ரொட்டி சுடுகிறவள், எனக்குச் சொல்லித்தரத் தெரியாது. மீதியையும் சொல்லுங்கள்.”

நான்காம் நாள் மீதிப் பாடம் வந்தது. தொண்டை கட்டிப்போன குரலில் அவர் தொடங்கினார்: “உடம்பு சரியில்லாம போச்சு. தீவுல ரொட்டிக்கடை அம்மா காத்துக்கிட்டிருக்காங்க, வாங்க முடிப்போம்.” கலிரோயி இடுப்பில் கட்டியிருந்த துணியில் முகம் புதைத்துக் கேவினாள்.

ஜூலைக் கடைசியில் முடிவு வந்தது. கப்பல் பொறியியலில் இடம் கிடைத்துவிட்டது. தாயும் மகளும் கட்டிக்கொண்டு அழுத அழுகையில் வாங்க வந்தவர்களும் மூக்கைச் சிந்தினார்கள்.

“அம்மா, ஜெயிச்சாச்சு. இனியாவது அந்த போனை அணைம்மா.”

“சும்மா இருடி. காந்தப் பாடம் இப்பதான் சூடு பிடிக்குது.”