பாக்கியத்தின் இருமல்

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். ஆறாம் வகுப்போடு நின்றவன், பிழையும் இருக்கும். பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

போன வாரம் பிரிஞ்சாங் டவுனில் மகள் வீட்டுக்கு ஒரு பெண் பெட்டியோடு வந்து, சமையலறை மேசையிலேயே என் கையில் ரத்தம் எடுத்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டதைப் பார்த்துச் சிரித்தாள். சாயங்காலமே மகளின் போனில் முடிவு வந்துவிட்டது. நோய் இல்லாதவர்கள்கூட இப்போது இப்படி வீட்டுக்கு வரவழைத்துப் பார்க்கிறார்களாம். அவள் தடவிய ஸ்பிரிட் வாசனை மட்டும் என்னை விடவில்லை. அது எங்கள் தோட்டத்து டிரெசர் அறையின் வாசனை.

எண்பதுகளின் தொடக்கம். நான் தேயிலை பேக்டரியில் இருந்தேன். என் மனைவி பாக்கியம் கொழுந்து பறித்தாள். மகள் கைக்குழந்தை. பாக்கியம் மெலிந்துகொண்டே போனாள். டாக்டர் இல்லாத தோட்டத்தில் டிரெசர்தான் எங்களுக்கு டாக்டர். சின்னப் போத்தல் ஒன்றைக் கொடுத்து, காலைச் சளியைப் பிடித்துவரச் சொன்னார். காசமா என்று சோதிப்பது மலைக்குக் கீழே, தாப்பா ஆஸ்பத்திரியில். பதில் வர வாரக்கணக்காகும். கிருமி இல்லை என்று வந்தது. எங்களோடிருந்த என் அப்பா கோயிலில் தேங்காய் உடைத்தார்.

அவள் மெலிவது நிற்கவில்லை. இரண்டாம் போத்தலை டிரெசர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"தம்பி, இது சளியே இல்ல லா. வெறும் எச்சில். போன தடவையும் இதத்தான் குடுத்தியாம்மா? நெஞ்சுலருந்து காறி எடுக்கணும்."

பாக்கியம் தரையைப் பார்த்தபடி என்னிடம் சொன்னாள். "பலகைச் செவுத்துக்கு அந்தப் பக்கம் மாமா படுத்திருக்காங்க. எப்படிங்க காறித் துப்புறது?"

மாமனார் காதில் விழக் காறுகிற மருமகளை, வரிசையாய் ஒட்டியிருந்த எங்கள் லயத்து வீடுகளில் என்ன பேசுவார்கள் என்று எனக்கும் தெரியும். இரவெல்லாம் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டுதான் இருமியிருக்கிறாள். பக்கத்தில் படுத்த எனக்கே அது விக்கல் போலத்தான் கேட்கும்.

மறுநாள் விடியுமுன் அவளை பேக்டரிக்குப் பின்னால் கூட்டிப்போனேன். உள்ளே கொழுந்து உருட்டும் மிஷின் அதிர்ந்துகொண்டிருந்தது.

"இங்க யாருக்கும் கேக்காது. இருமு."

"நீங்க அந்தப் பக்கம் திரும்பிக்குங்க."

திரும்பிக்கொண்டேன். மிஷின் சத்தத்தையும் மீறிக் கேட்டது. இப்படி ஒன்றையா என் பக்கத்தில் படுத்து மறைத்தாள்?

போத்தலைத் தோட்டத்து லோரியில் கொடுத்து அனுப்பாமல் நானே பஸ்ஸில் கொண்டுபோனேன். சட்டைக்குள் பிடித்திருந்ததைப் பார்த்து கண்டக்டர், "என்னாண்ணே, கோழிக்குஞ்சா? அதுக்கும் டிக்கெட் எடுக்கணும்" என்றான். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன்.

இந்தத் தடவை கிருமி இருந்தது. நெஞ்சைப் படம் பிடித்துப் பார்த்த டாக்டர், இரண்டு பக்கமும் கெட்டுவிட்டது, முன்பே தெரிந்திருந்தால் மருந்துக்குக் கேட்டிருக்கும் என்றார். அவளைக் கீழேயே சேர்த்தோம். பிள்ளையை உள்ளே விடமாட்டார்கள். ஜன்னலுக்கு வெளியே தூக்கிக் காட்டுவேன்.

"பல்லு மொளைச்சிருச்சா?"

"கீழ ஒண்ணு" என்றேன்.

அடுத்த பல்லுக்கு அவள் இல்லை.

இப்போது டிரெசர் அறை இருந்த இடத்தில் பூக்கொட்டகை. அந்த பஸ்ஸும் ஓடுவதில்லை. லயத்தை இடித்த அன்று போய் நின்றேன். எங்கள் பலகைச் சுவர் ஒரே உதையில் சாய்ந்தது. இவ்வளவு மெல்லிசா என்று பக்கத்தில் நின்றவரிடம் கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை.

எழுதியது தீபாவளிக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை.