பேச்சுத்துணைக்கு ஒரு பூ

காலை ஆறரை மணிக்குச் செய்தி வந்தது. தையற்கடை அம்மா அப்போதுதான் அடுப்பில் பாலை வைத்திருந்தாள். கல்லறைத் தோட்டத்து மேலாளர் போனில் சுற்றி வளைக்கவில்லை.

"நம்ம காவல்காரர் போயிட்டாரும்மா. தூக்கத்துலயே."

பால் பொங்கி அடுப்பை அணைத்தது. அவள் நின்றபடியே நின்றாள். அவர் அவளுக்கு உறவுக்காரர் இல்லை. ஆனாலும் "அண்ணே" என்று வாய் நிறைய அவள் கூப்பிட்டது அவர் ஒருவரைத்தான்.

அந்தத் தோட்டத்தில் பேர்போன நகைச்சுவை நடிகர் ஒருவர் அடக்கமாகியிருக்கிறார். எங்கெங்கிருந்தோ வேன் பிடித்து வந்து அவரைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். அவருக்கு அடுத்த குழியில் இருப்பவர் அவள் கணவர், லிஃப்ட் மெக்கானிக். பிள்ளைகுட்டி கிடையாது. தானும் கண்ணை மூடிவிட்டால் இந்தக் கல்லை யார் எட்டிப் பார்ப்பார்கள் என்ற கவலை, அவரை அடக்கம் செய்த அன்றே அவளைப் பிடித்துக்கொண்டது.

அடுத்த வாரம் போனபோது கணவரின் கல்மேல் ஒரு ரோஜா இருந்தது. யாரோ இடம் மாறி வைத்துவிட்டார்கள் என்று நினைத்தாள். அடுத்தவர் பொருள் நமக்கெதற்கு என்று அதை எடுத்து நடிகரின் கல்மேல் வைத்தாள்.

"ஏம்மா, அவருக்கு வந்த பூவை எதுக்கு எடுக்கறீங்க?" பின்னால் காவல்காரர்.

"நடிகருக்கு வந்ததுங்க. ஆள் தெரியாம வெச்சுட்டாங்க."

"தெரிஞ்சுதான் வெச்சாங்க. நான்தான் வெக்கச் சொன்னேன்."

பிறகுதான் அவர் வழக்கம் அவளுக்குப் புரிந்தது. நடிகரின் கல்லும் மற்றவை போலச் சின்னதுதான். வருகிறவர்கள் வாசலில் காவல்காரரைக் கேட்டுத்தான் ஆகவேண்டும். அவரும் சும்மா சொல்லமாட்டார்.

"வழி சொல்றேன், ஆனா ஒண்ணு. பக்கத்துல ஒரு லிஃப்ட் மெக்கானிக் இருக்காரு. நடிகருக்கு அவர்தான் பேச்சுத்துணை. அவருக்கும் ஒரு பூ வெச்சுட்டு வாங்க."

"ஏண்ணே இப்படிக் கதை விடுறீங்க?" என்று அவள் ஒருநாள் கேட்டாள்.

"கதையா? சிரிக்க வைக்கறவனுக்குச் சிரிக்க ஒரு ஆள் வேணாமா தங்கச்சி? அதுலயும் உன் வீட்டுக்காரரு, ஊரையே மேல ஏத்திவிட்டவரு. நடிகருக்கும் ஒரு சிபாரிசு பண்ணுவாரு."

கணவர் போனபின் அவள் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். அன்று முதல் காவல்காரரின் சட்டைக் காலரெல்லாம் அவள் தையல்தான்.

போன வருடம், வாசலில் அம்புக்குறி போட்ட பலகை வைக்கச் சொல்லி மேலாளர் பெயின்ட் டப்பாவைக் கொடுத்தார். காவல்காரர் நடிகரின் பெயரை எழுதினார், அம்பின் வாலை இழுத்தார், அத்தோடு நின்றுவிட்டார். கேட்டால் மழை என்பார், பிரஷ் முடி கொட்டுகிறது என்பார். அவளிடம் மட்டும் உண்மையைச் சொன்னார்.

"அம்பு போட்டுட்டா எவன் என்கிட்ட வழி கேப்பான்? கேக்கலேன்னா உன் வீட்டுக்காரர் கல்லு மொட்டையால்ல கிடக்கும்!"

காவல்காரரை வாசலை ஒட்டியே புதைத்தார்கள். எல்லோரும் கலைந்த பின் மேலாளர் பலகையைப் பார்த்தார்.

"நாளைக்கு யாரையாவது விட்டு இதை முடிச்சுடணும்."

அவள் பலகைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"வேணாம் சார். துணியில கோடு போட்டுப் பழகின கை. நானே போட்டுக் குடுக்கறேன்," என்று பெயின்ட் டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

அந்நேரம் ஒரு குடும்பம் பூக்களோடு உள்ளே வந்தது. "ஏங்க, அந்தக் காமெடி நடிகர் எங்க இருக்காரு?"

தொண்டையைச் செருமிக்கொண்டாள். "வழி சொல்றேன், ஆனா ஒண்ணு. பக்கத்துல ஒரு லிஃப்ட் மெக்கானிக் இருக்காரு, அவருக்கும் ஒரு பூ வைங்க. திரும்பி வரும்போது, இதோ வாசல்ல புதுசா வந்திருக்கற எங்கண்ணனுக்கும் ஒண்ணு."

அவர்கள் வைத்தார்கள்.

இப்போது புதுக் காவல்காரரும் அதையேதான் சொல்கிறார், அவள் சொல்லிக்கொடுத்தபடி. பெயின்ட் டப்பா அவள் தையல் மெஷினுக்கு அடியில் இருக்கிறது. பலகையில் அம்புக்கு இன்னும் தலை போடவில்லை.