முத்திரை குலையாத பெட்டி

யுத்தம் தொடங்குவதற்கு முந்தின வருஷம், ஆடிச் சாரலில், ஐந்தருவிப் பாதையில் இருந்த எங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஒரு தகரப் பெட்டி வந்தது. சாக்குப் போட்டு மூடி மாட்டுவண்டியில் கொண்டுவந்தார்கள். ஓராசிரியர் பள்ளி. பாடம் நடத்துவதும் நான்தான், மணி அடிப்பதும் நான்தான். பெட்டியை இறக்கி வைத்ததும் நான்தான்.

அனுப்பியது எங்கள் ஆசிரியர் சங்கம். பள்ளிதோறும் ஒரு நூலகம் வேண்டுமென்று, பள்ளிகளை நடத்திய ஜில்லா போர்டுக்கு மனுப் போட்டிருந்தோம். கிராமத்துப் பிள்ளைகள் பாடப்புத்தகத்தையே தொடுவதில்லை, கதைப்புத்தகம் எதற்கு என்று பதில் வந்தது. சங்கத்துக்கு ரோஷம் வந்துவிட்டது. ஆளுக்கு இரண்டு புத்தகம் போட்டுப் பெட்டியை நிரப்பினோம். ஐந்து பள்ளிகள், பள்ளிக்கு ஒரு மாதம். சாவியும் ஒரு நோட்டும் பெட்டியோடு கயிற்றில் கட்டியிருக்கும். பிள்ளைகள் எப்படிப் படித்தார்கள் என்று ஆசிரியர் அதில் எழுத வேண்டும். முடிவில் நோட்டைக் காட்டி நூலகம் கேட்பதாகத் திட்டம்.

எங்கள் பள்ளி கடைசி. முதலில் நோட்டைப் பிரித்தேன். 'மாணவர்கள் மிக்க ஆவலுடன் படித்துப் பயனடைந்தார்கள்.' நான்கு கையெழுத்தில் அதே ஒரு வாக்கியம். சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகு சாவியோடு பெட்டியிடம் போனேன். மூடியையும் பெட்டியையும் சேர்த்து, சங்க முத்திரை குத்திய காகிதச் சீட்டு ஒட்டியிருந்தது. பெட்டி முதன்முதலில் புறப்பட்ட அன்று தென்காசியில் வைத்து நானே பசை தடவி ஒட்டிய சீட்டு. அதில் ஒரு கீறல்கூட இல்லை.

வேறு சீட்டாக இருக்குமோ என்று குனிந்து பார்த்தேன். ஓரத்தில் என் பெருவிரல் பட்ட மை அப்படியே இருந்தது. அப்படியானால் நான்கு மாதமாகப் பிள்ளைகள் எதை ஆவலுடன் படித்தார்கள்? எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

சங்கத்தின் சுற்றறிக்கையைத் தேடி எடுத்தேன். 'பெட்டியை முத்திரை குலையாமல் அடுத்த பள்ளியில் சேர்ப்பிக்கவும்.' அந்த வாசகமும் நான் எழுதியதுதான். படித்து முடித்தபின் புதுச் சீட்டு ஒட்டி அனுப்ப வேண்டும், வழியில் யாரும் திறந்துவிடக் கூடாது என்று நினைத்து எழுதினேன். நினைத்ததை எழுதவில்லை. புதுச் சீட்டும் கொடுத்தனுப்பவில்லை. அந்த நால்வர் மேல் வந்த கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் சீட்டைச் சர்ரென்று கிழித்தேன்.

அந்த ஒரு மாதம் முப்பது பிள்ளைகளும் புத்தகமும் கையுமாகத் திரிந்தார்கள். அட்டையெல்லாம் நாவல்பழக் கறை. அருவிக்கரையில் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடும் ஒருவர், மகள் வாசிக்க வாசிக்கக் கேட்பார். காலையில் என்னை மறித்து, "அந்த ராசா மவ காட்டுக்குள்ள போனாளே, திரும்பி வருதாளா சார்வாள்?" என்பார். நான் சொல்ல மாட்டேன். மகளிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

மாதம் முடிந்ததும் சங்கச் செயலாளரிடம் போனேன்.

"அண்ணாச்சி, நாலு பேரும் பெட்டியத் தொறக்கவே இல்ல."

அவர் நோட்டை வாங்கிப் புரட்டினார். "இத இப்ப வெளிய சொன்னீருன்னா நாலு பேரு வேலைக்கும் ஆபத்து வே. நூலகமும் வராது. ஒம்ம பிள்ளைக படிச்சது நெசந்தான?"

"நெசந்தான்."

"அப்ப நீரும் அதையே எழுதும்."

எழுதினேன். ஐந்து பொய்யில் என்னுடையது மட்டும் உண்மை. பக்கத்தைப் பார்த்தால் எனக்கே அதுவும் பொய்யாகத்தான் தெரிந்தது.

போர்டு அதிகாரி தென்காசிக்கு வந்தார். நோட்டை வாசித்து முகம் மலர்ந்தார். பெட்டியைத் திறந்து புத்தகங்களைப் புரட்டினார். "பேஷ்! அஞ்சு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் படிச்சும் கறைதான் பட்டிருக்கு, ஒண்ணுகூடக் கிழியலையே. அப்போ பள்ளிக்கு ஒரு நூலகம் எதுக்கு? இந்த ஒரு பெட்டியே பத்து வருஷம் வருமே!"

செயலாளர் என்னைப் பார்த்தார். அந்தக் கறை முழுக்க ஒரே பள்ளியுடையது என்று சொல்லியிருந்தால் நூலகம் கிடைத்திருக்குமா, நான்கு பேர் வேலை போயிருக்குமா, இரண்டும் நடந்திருக்குமா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வெட்கமாக இருந்தது.

மறுநாள் எண்ணெய்க்காரர் பள்ளிக்கூட வாசலில் நின்றார். கதை பாதியில் நிற்கிறதாம், அதற்குள் நான் புத்தகத்தை வாங்கிப் பெட்டியில் வைத்துவிட்டேனாம்.

"பெட்டி மறுபடி எப்ப வரும் சார்வாள்?"

"நாலு பள்ளிக்கூடம் சுத்திட்டு வரும். நாலு மாசம் ஆவும்."

"நாலு ஊருப் பிள்ளைகளும் படிக்கணும்லா," என்று தலையாட்டினார். "படிக்கட்டும், படிக்கட்டும். நாங்க காத்திருக்கோம்."