அண்ணி பேசிய போன்

உப்புக் குவியலில் சாய்த்து வைத்த ஒரு செல்போன்தான் முதலில் ஞாபகத்துக்கு வருகிறது. ஈரம் படாமலிருக்க அதைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு ரப்பர் பேண்ட் சுற்றியிருப்பாள் அண்ணி. திரையில் வெயில் அடிக்காதபடி கூடை ஒன்றைப் பக்கத்தில் கவிழ்த்து மறைப்புக் கட்டியிருப்பாள். எதிரே வரப்பில் குந்திக்கொண்டு இரண்டு கைகளாலும் பேசுவாள். திரைக்குள், எங்கோ வளைகுடா நாட்டில், மஞ்சள் ஹெல்மெட்டோடு என் அண்ணன் நின்று கையாலேயே பதில் சொல்லிக்கொண்டிருப்பான். சுற்றிலும் மரக்காணத்து உப்பளம் கண் கூசும்படி கிடக்கும். ஒரு புருஷனும் பெண்டாட்டியும் சத்தமே இல்லாமல் சண்டை போட்டு, சமாதானமாகி, சிரித்து முடிப்பதை அந்த வரப்பில் நின்று வாயைப் பிளந்துகொண்டு பார்த்திருக்கிறேன். காதும் வாயும் நன்றாக இருக்கிற என் வீட்டுக்காரரும் நானும் ஒரு வாரத்தில் அவ்வளவு பேசியிருப்போமா என்பது சந்தேகம்தான்.

அண்ணிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அதனால் பேச்சும் வரவில்லை. ஊரில் அவளுக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. அதை எழுத எனக்கு விருப்பமில்லை. அவளும் அண்ணனும் கல்யாணத்துக்கு முன்பே ஒரே அளத்தில் வேலை செய்தவர்கள். அவள் பாத்தியில் உப்பு வாருவாள், அவன் சுமந்து கொட்டுவான். அங்கேயே அவளுடைய கைப்பேச்சை அவன் கற்றுக்கொண்டான். அது பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருகிற சைகை மொழி இல்லை, இவர்களாகவே உண்டாக்கிக்கொண்டது. கடல் என்றால் ஒரு அசைவு, கடன்காரன் என்றால் ஒரு அசைவு, கோபம் என்றால் மூக்கில் ஒரு தொடல். எங்களுக்கெல்லாம் அதில் சோறு, தண்ணீர், வா, போ என்கிற அளவுக்குத்தான் புரியும். முழுதாகத் தெரிந்தவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர். மாதா கோயிலில் கல்யாண மந்திரிப்பு அன்று, பெண்ணுக்குப் பதிலாக அவளுடைய சித்தி “சம்மதம்” என்று சொல்லிவிடட்டும் என்று பெரியவர்கள் ஏற்பாடு செய்திருந்தார்கள். சித்தியும் தொண்டையைச் செருமிக்கொண்டு தயாராக நின்றாள். அண்ணி அவளைக் கையால் பின்னுக்குத் தள்ளிவிட்டு, சாமியாரைப் பார்த்துத் தன் நெஞ்சைத் தொட்டு, அண்ணனின் நெஞ்சைத் தொட்டு, தலையை ஒருமுறை ஆட்டினாள். சாமியார் சிரித்துவிட்டார்.

அண்ணன் வெளிநாடு போன புதிதில் எங்கள் வீட்டில் பட்டன் போன் ஒன்றுதான். அவன் கூப்பிடுவான், அம்மா பேசுவாள். அண்ணி அம்மாவின் முகத்துக்கு நேரே உட்கார்ந்து அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருப்பாள். பேசி முடித்ததும் அம்மா அவளிடம் திரும்பி, சாப்பிட்டான் என்பதுபோல வாயருகே கையைக் கொண்டுபோய்க் காட்டுவாள். அவ்வளவு நேரம் பேசிய பேச்சில் அண்ணிக்குக் கிடைத்தது அந்த ஒரு கவளம்தான். சில நாள் போனை வாங்கித் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருப்பாள். அதில் என்ன கிடைத்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. உலகமே செல்போன் வந்துவிட்டது, தூரமெல்லாம் போய்விட்டது என்று கொண்டாடிக்கொண்டிருந்தபோது, எங்கள் வீட்டில் ஒருத்திக்கு அது ஒரு பிளாஸ்டிக் துண்டு.

பிறகு அண்ணன் யாரிடமோ கொடுத்து அனுப்பிய பெரிய திரை வைத்த போன் வந்தது. அதில் முதன்முதலாக அவன் முகம் அசைந்தபோது நானும் வீட்டில் இருந்தேன். அண்ணி முதலில் கை பேசவில்லை. திரையைத் தொட்டுப் பார்த்தாள். அவன் அங்கிருந்து கையைத் தூக்கி ஏதோ கேட்டான். அவ்வளவுதான், இத்தனை மாதமாக அடைத்து வைத்திருந்ததெல்லாம் அவள் விரல்களில் கொட்ட ஆரம்பித்துவிட்டது. வளையல் சத்தம் மட்டும் கேட்டது. அம்மா அடுப்பை அணைக்க மறந்து நின்றாள். நான் அழுதுவிட்டேன். மாதா கோயில் திருவிழாவில்கூட எனக்கு அப்படி மெய்சிலிர்த்ததில்லை.

அந்தப் போன் ஒருநாள் உப்புத் தண்ணீரில் விழுந்தது. இடுப்பில் செருகியிருந்தாள், குனிந்து வாரும்போது நழுவிப் பாத்திக்குள் போய்விட்டது. வீட்டுக்கு ஓடிவந்தாள். ஈரமான போனை அரிசியில் போட்டு வைப்பார்கள் என்று ஊர் உலகத்துக்கெல்லாம் தெரியும். ஆனால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஈரத்தை இழுப்பது எது என்று வேறு யாரும் வந்து சொல்லித்தர வேண்டியதில்லையே. அம்மா உலர்ந்த உப்பாகப் பார்த்து ஒரு பானை நிறைய எடுத்து, அதன் நடுவில் போனைப் புதைத்து, மேலே இன்னும் இரண்டு பிடி போட்டு மூடி வைத்துவிட்டாள். தெருவே வந்து பார்த்து, நல்ல வேலை செய்தாய் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறது. மறுநாள் செல்போன் கடைக்காரன் அதைத் திறந்தபோது உள்ளே களிம்பேறிப் பச்சைப் பூ பூத்திருந்ததாம்.

“உப்புத் தண்ணியில விழுந்ததை உப்புலயே போட்டீங்களா? கருவாடு போட்டு எடுத்தாந்துகீறீங்கம்மா” என்றிருக்கிறான்.

“உப்புதானப்பா ஈரத்தை இழுக்குது” என்று அம்மா அவனிடமே சண்டைக்குப் போயிருக்கிறாள்.

எனக்கு இதெல்லாம் பின்னால் தெரிந்ததுதான். என்னைக் கட்டிக்கொடுத்த இடம் கோட்டக்குப்பம். அந்த வாரம் காய்ச்சலில் எழுந்திருக்க முடியாமல் கிடந்தேன். கேள்விப்பட்டபோது சிரித்தேன். சிரிக்கிற விஷயமில்லை என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை. அந்த வாரத்துக்குள் அண்ணன் தன் கம்பெனிக்குப் பதில் சொல்லியாக வேண்டும். ஒப்பந்தம் முடிகிறது. திரும்பக் கையெழுத்துப் போட்டால் இன்னும் சில வருடங்கள் வர முடியாது, போடாவிட்டால் திரும்பி வந்துவிட வேண்டியதுதான். அவனும் அண்ணியும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த நடுவில்தான் போன் செத்தது. அவன் எத்தனையோ முறை அடித்துப் பார்த்துவிட்டு, கடைசியில் அம்மாவின் பட்டன் போனுக்குக் கூப்பிட்டான்.

அம்மா கெட்டவள் இல்லை. வீடு கட்ட ஆரம்பித்து, சுவர் ஜன்னலுக்கு மேலே லிண்டல் மட்டத்தோடு நின்றிருந்தது. சாயங்காலம் ஆனால் அண்ணி அந்தச் சுவரருகே போய் நின்று, கையால் தடவிப் பார்த்துவிட்டு வருவாள். அதைப் பார்த்து, வீடு முடியும்வரை அவன் அங்கே இருக்கட்டும் என்று இவளும் நினைக்கிறாள் என அம்மா முடிவு செய்துகொண்டாள். தான் நினைத்ததும் அதுதான் என்பதால் சந்தேகமே வரவில்லை. “அவளும் இருக்கத்தாம்பா சொல்றா. கையெழுத்து போட்டுடு” என்று சொல்லிவிட்டாள். எதிரே உட்கார்ந்து உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்த அண்ணிக்கு ஏதோ புரிந்திருக்கிறது. தன்னைக் காட்டி, போனைக் காட்டி, என்ன சொன்னாய் என்று கேட்டிருக்கிறாள். அம்மா அவள் தலையைத் தடவிக்கொடுத்து, எல்லாம் சொல்லியாச்சு என்று கையை விரித்துக் காட்டியிருக்கிறாள்.

தெருவில் போன் இல்லாமல் இல்லை. அண்ணி ஒவ்வொரு வாசலாகப் போய்க் கேட்டாள். ஆனால் அம்மாவும் பின்னாலேயே போனாள். “புருஷன்கிட்ட பேசணுமாம். நான்தான் பேசிட்டேனே, எல்லாம் சொல்லிட்டேன். நீங்க வேலையைப் பாருங்க” என்றாள். அவர்களும் போனைக் கொடுக்கவில்லை. பரிதாபமாகப் பார்த்து, ஒரு வாய் காபி கொடுத்து அனுப்பினார்கள். இதை அம்மாவே என்னிடம் சொன்னாள், தான் எவ்வளவு பொறுப்பாக நடந்துகொண்டேன் என்று காட்டுவதற்காக. ஒருத்தியின் வாயை இத்தனை பிரியமாகவும் பொத்த முடியும்.

மறுநாள் காலை அளத்தில் லாரிக்கு உப்பு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். டிரைவர் வெளியூர்க்காரர். அவருக்கு எங்கள் அம்மாவையும் தெரியாது, அண்ணியையும் தெரியாது. அண்ணி கூடையை இறக்கி வைத்துவிட்டு நேராக அவரிடம் போனாள். அவர் கையிலிருந்த போனைக் காட்டினாள். அவர் ஏதோ பிச்சை கேட்கிறாள் என்று நினைத்து ஒதுங்கியிருக்கிறார். அவள் கீழே குந்தி, வரப்பின் ஈர மண்ணைக் கையால் சமப்படுத்தி, விரலால் ஒரு எண்ணை எழுத ஆரம்பித்தாள். வெளிநாட்டு எண், நீளமானது, எங்கும் நிறுத்தி யோசிக்காமல் எழுதினாள். எனக்கு என் வீட்டுக்காரர் எண்ணே மனப்பாடமாகத் தெரியாது. போன் தொலைந்தால் நான் ஆளே இல்லாதவள். அவளுக்கு அது விரலிலேயே இருந்திருக்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் திகைப்பு அடங்குவதில்லை.

டிரைவர் அடித்தார். தெரியாத எண் என்பதால் அண்ணன் எடுக்கவில்லை. மறுபடி அடித்தார், எடுக்கவில்லை. அந்த மனிதர் நல்லவர், புத்திசாலி. போனை அவள் முகத்துக்கு நேரே பிடித்து, பேசு, நான் படம் பிடித்து அனுப்புகிறேன் என்று சைகை காட்டினார். பின்னால் ஒருமுறை அவரைப் பார்த்து நன்றி சொன்னேன். “எனக்கு ஒண்ணும் புரியலீங்க. ஆனா போனைக் கீழ எறக்க மனசு வர்ல. கை வலிக்கிற வரைக்கும் புடிச்சினே இருந்தேன்” என்றார்.

அந்த வீடியோவை அண்ணன் இன்னும் வைத்திருக்கிறான். நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அவளுக்குப் பின்னால் வெள்ளைக் குவியல். காற்றில் முந்தானை பறக்கிறது, அதைப் பல்லில் கடித்துக்கொள்கிறாள், கைகள் வேண்டுமே. கூடை சுமந்த பெண்கள் ஒவ்வொருவராக நின்றுவிடுகிறார்கள். மேஸ்திரியின் குரல் ஒருமுறை “இன்னா அங்க?” என்று அதட்டுகிறது, பிறகு அதுவும் அடங்கிவிடுகிறது. அவள் யாரையும் பார்க்கவில்லை. கெஞ்சவில்லை, அழவில்லை. அந்தக் கைகள் அவ்வளவு தெளிவாக, அவ்வளவு நிதானமாக அசைகின்றன. அர்த்தம் தெரியாவிட்டாலும், இவள் சொல்வதைக் கேட்டே ஆக வேண்டும் என்று தெரிகிறது. முதல் தடவை பார்த்தபோது நான் அறியாமலே எழுந்து நின்றுவிட்டேன்.

என்னதான் சொன்னாள் என்று அண்ணனிடம் கேட்டேன். வா என்றாளா, இரு என்றாளா?

“ரெண்டும் சொல்லலம்மா” என்றான். “அம்மா சொன்னது அம்மாவோட பேச்சு. என் பேச்சு இன்னும் உனக்கு வர்ல. நான் பேசற வரைக்கும் கையெழுத்து போடாதன்னு சொன்னா.”

அவன் போடவில்லை. உடம்பு தேறியதும் நான் ஒரு போனை வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனேன். ஒரு மத்தியானம் முழுக்க இருவரும் பேசினார்கள். அம்மா கதவருகே நின்று, புரியாத அந்தப் பேச்சைக் கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தாள். ஒப்பந்தம் முடிந்த கையோடு அண்ணன் திரும்பி வந்துவிட்டான். அதற்கு விலை இல்லாமல் இல்லை. வீடு இன்னும் லிண்டல் மட்டத்தில்தான் நிற்கிறது, மேலே சிமெண்ட் ஷீட் போட்டுக் குடியிருக்கிறார்கள். வெயிலில் உள்ளே உட்கார முடியாது. அம்மா கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். இப்போது அவளுக்கும் கைப்பேச்சில் பாதி வந்துவிட்டது. கற்றுக்கொள்வதற்கு முன்னால் தப்புத் தப்பாக மொழிபெயர்த்ததைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அண்ணன் பொம்மையார்பாளையம் பக்கம் டைல்ஸ் வேலைக்குப் போகிறான். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அங்கிருந்து ஒரு வீடியோ கால், இன்றும் தவறுவதில்லை.

நான் ஒரு பள்ளிக்கூடத்தின் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். போன வாரம் சாப்பாட்டு வேளையில் பேச்சு இதில் வந்து நின்றது: இந்தக் காலத்தில் செல்போன் இல்லாமல் இருக்க முடியுமா? டீச்சர்கள் எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள். நாமெல்லாம் இல்லாமலா வளர்ந்தோம், தூக்கிப் போட்டால் நிம்மதி, இதனால்தான் மனிதர்கள் முகம் பார்த்துப் பேசுவதே இல்லை என்றார்கள். அப்படிச் சொன்ன ஒருவர் அதைப் போனைத் தேய்த்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. முகம் பார்த்துப் பேசுவதற்கென்றே போன் வைத்திருக்கிற ஒருத்தியை எனக்குத் தெரியும் என்று சொல்ல வாயெடுத்தேன். மணி அடித்துவிட்டது, எல்லோரும் எழுந்து போய்விட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஊருக்குப் போனபோது அண்ணியிடமே கேட்டேன். என் கைப்பேச்சு மட்டம்தான். அவள் போனைக் காட்டினேன், தூக்கி எறிவதுபோலச் செய்தேன், இது இல்லாமல் இருக்க முடியுமா என்று புருவத்தை உயர்த்தினேன். அவள் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். கையைக் கழுவி முந்தானையில் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பிறகு தன் உள்ளங்கையை என் வாய்மேல் வைத்து மூடினாள். உப்பு அரித்துச் சொரசொரத்த கை. விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தேன், அவள் எடுக்கவில்லை. ஏதோ சொல்லப் பார்த்தேன், சத்தம் அவள் கைக்குள்ளேயே நின்றுவிட்டது. எனக்கு மூச்சு முட்டும்வரை வைத்திருந்துவிட்டுக் கையை எடுத்தாள். என் கண்களைப் பார்த்து, நான் கேட்ட அதே மாதிரி புருவத்தை உயர்த்தி, உன்னால் முடியுமா என்று கேட்டாள்.