கழுவி வைத்த பக்கெட்

போன சனிக்கிழமை காலை பதினொன்று பத்துக்கு நான் ஒரு பக்கெட்டைக் கழுவினேன். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

கராஜில், அரிசி மூட்டைக்குப் பின்னால் இருந்தது. மூடியைத் திறந்தால்... தார் மாதிரி ஏதோ, கறுப்பாக, பிசுபிசுவென்று. சுற்றிலும் எறும்பு. அரிசிக்குப் பக்கத்தில் எறும்பைப் பார்த்தால் யாருக்குத்தான் கை சும்மா இருக்கும்? வேலியோரம் கொண்டுபோய்க் கொட்டினேன். வெந்நீர் ஊற்றித் தேய்த்து, கவிழ்த்து வைத்துவிட்டு, நிம்மதியாக ஒரு காபியும் குடித்தேன்.

பதினொன்றே முக்காலுக்கு என் மகள் யாழினி வந்தாள். பத்தொன்பது வயது, மனுகாவில் நர்சிங் படிக்கிறாள். இங்கே ஆக்லாந்திலேயே பிறந்தவள். அவள் தமிழ் பேசினால் விஷயம் பெரிது என்று அர்த்தம்.

"அம்மா, வேர் இஸ் த பக்கெட்?"

"கழுவி வெச்சிருக்கேன். என்ன அழுக்குடி அது?"

கவிழ்ந்திருந்த பக்கெட்டைப் பார்த்தாள். அப்படியே சிமென்ட் தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள்.

"ரெண்டு மணிக்கு ஊர்வலம்மா. அது ஒண்ணுதான் இருந்தது."

என்ன ஊர்வலம்? அழுகைக்கு நடுவே அவள் சொன்னதில் எனக்குப் புரிந்ததை எழுதுகிறேன். தப்பிருந்தால் என் தப்பு.

அவளுடைய தோழி டெஷா. குடும்பத்துக்குப் பூர்வீகம் கிரெனடா — கரீபியன் கடலில் ஒரு குட்டித் தீவு. அங்கே கார்னிவல் சமயத்தில் 'ஜாப் ஜாப்' என்று ஒரு வேஷம். உடம்பு முழுக்கக் கறுப்பு, தலையில் மாட்டுக்கொம்பு, கையில் சங்கிலி. ஒரு காலத்தில் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக இருந்தவர்களை முதலாளிகள் கறுப்புப் பிசாசு என்றார்களாம். விடுதலை கிடைத்ததும் அவர்கள் இன்னும் கறுப்பாகப் பூசிக்கொண்டு, கொம்பும் வைத்துக்கொண்டு தெருவில் இறங்கினார்கள். பிசாசு என்றாய் அல்லவா, இதோ பார் என்று.

ஆக்லாந்தில் இதை யார் செய்கிறார்கள்? டெஷா, அவள் அண்ணன், இன்னும் இரண்டு கரீபியன் பிள்ளைகள். எல்லோரும் இருபத்தைந்து வயதுக்குள். ஐந்தாவது ஆள்... என் மகள். நான் கொட்டியது கரித்தூளும் மொலாசஸும் — கரும்புச் சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் கறுப்புப் பாகு. டெஷாவின் வாடகை வீட்டில் அந்த வாரம் வீட்டுக்காரரின் இன்ஸ்பெக்‌ஷன் என்பதால் எங்கள் கராஜுக்கு வந்திருக்கிறது.

"குலசை தசராவுல காளி வேஷம் போடுவாங்களே, அது மாதிரியா?"

"நோ அம்மா. அது சாமி. இது வேற."

"அப்ப இது யாரு?"

"அவங்களேதான்."

எனக்குப் புரியவில்லை. இப்போதும் பாதிதான் புரிகிறது.

"நீ அவங்க ஆளு இல்லையேடி?"

"டெஷா வான்னு கூப்பிட்டா. நான் சங்கு ஊதுறேன்."

சங்கா? அங்கேயும் சங்கு உண்டாம். அத்தோடு நான் வாயை மூடியிருக்கலாம்.

"சரி, சங்கு ஊது. கறுப்பு எதுக்குப் பூசணும்? ஏற்கெனவே நீ..."

முடிக்கவில்லை. அவள் மனசுக்குள் முடித்துக்கொண்டாள். அழுகை சட்டென்று நின்றது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

வெயிலில் நிற்காதே, நெட்பால் ஆட்டம் வேண்டாம், கடலைமாவு போட்டுக் குளி, அந்தக் கலர் உனக்கு எடுக்காது... பத்தொன்பது வருஷம் இதெல்லாம் அக்கறை என்றுதான் நினைத்திருந்தேன். அவளைப் பார்த்து 'கறுப்பு' என்ற வார்த்தையை நான் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லாமலே எவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்கிறேன் பாருங்கள்.

மொலாசஸ் வாங்கியது அரைமணி நேரத் தூரத்தில், புக்கெகோஹியில், மாட்டுத் தீவனக் கடையில். சனிக்கிழமை பன்னிரண்டுக்கு மூடிவிடுவார்கள். மணி பன்னிரண்டு அடிக்கப் போகிறது.

யாழினி போனைப் பார்த்தாள். "டெஷா வர்றா. யூ டெல் ஹெர்."

மற்ற பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை. சொந்தப் பிள்ளையிடமும்தான். என்ன செய்வது என்று தெரியாமல், பார்பிக்யூவுக்கு வாங்கி வைத்திருந்த மரக்கரியை எடுத்து உடைத்தேன். மிக்ஸியில், சட்னி ஜாரில் போட்டேன். சமையலறை முழுக்கக் கரித்தூசி. சலித்து, தேங்காயெண்ணெய் விட்டுக் குழைத்தேன். இது அவர்கள் முறையா, அவமரியாதையா? தெரியாது. கை ஓடிக்கொண்டிருந்தால் யோசிக்க வேண்டாம், அவ்வளவுதான்.

யாழினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். உதவிக்கு வரவில்லை. ஒரே ஒருமுறை, "இன்னும் நைசா அரை" என்றாள்.

அந்தப் பாதி வாக்கியத்தைப் பற்றி இன்றுவரை அவள் கேட்கவில்லை. நாம் முழுசாகச் சொன்னதையெல்லாம் பிள்ளைகள் மறந்துவிடுகிறார்கள். பாதியில் நிறுத்தியதை மறப்பார்களா?

பன்னிரண்டு நாற்பதுக்கு காலிங் பெல். டெஷா. கக்கத்தில் கொம்பு வைத்த ஹெல்மெட். என் கைகள் முழங்கை வரை கறுப்பு. எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் நேராகவே சொல்லிவிட்டேன்: "ஐ ஆம் சாரி, டெஷா. நான்தான் கொட்டினேன். அழுக்குன்னு நினைச்சேன்."

அவள் பாத்திரத்தில் இரண்டு விரலை விட்டாள். தன் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை ஒரு கோடு இழுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். போதும் என்பதுபோல யாழினியிடம் தலையசைத்தாள். பிறகு என்னிடம் அவள் ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

"எல்லாரும் முதல்ல அப்படித்தான் நினைக்கிறாங்க, ஆன்ட்டி. அதனாலதான் பூசிக்கிறோம்."